மூன்று மில்லி சல்லடை

"நேத்து அரவை கொஞ்சம் பெருசாப் போச்சு," என்றார் மாதையன், குச்சியால் பன்றி விட்டையைப் பிளந்து பார்த்து. அதில் இரண்டு சோளக் குருணைகள் உள்ளே போனபடியே வெளியே வந்திருந்தன. ஊரில் மற்றவர்கள் செய்தித்தாளைப் பிரிக்கும் நேரத்தில் இவர் இதைப் பிரிக்கிறார். பதினெட்டு வருடப் பழக்கம்.

பாப்பாரப்பட்டிக்கு வெளியே முப்பது வெண்பன்றிகள் வைத்திருக்கிறார். என்னோடு பள்ளியில் படித்தவர், வயது ஐம்பத்து நான்கு. தீவனத்தைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்தால் அரை நாள் போய்விடும். மக்காச்சோளத்தை முழுசாகப் போட்டால் பாதி செரிக்காமல் வீணாகும். மாவாக அரைத்தால் நன்றாகச் செரிக்கும், எடையும் ஏறும், ஆனால் வயிற்றில் புண் விழும். அதனால் அவருடைய அரவை மிஷினில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டைச் சல்லடை மாட்டியிருக்கிறது. அவரைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கைப் பிழிந்த பிறகு மிஞ்சும் திப்பியையும் கலக்கிறார். அதில் நார் அதிகம். கூடினால் வயிறு மட்டும் நிறையும், எடை ஏறாது. குறைந்தால் சினைப்பன்றிக்கு மலம் கட்டிக்கொள்ளும்.

பக்கத்துப் பண்ணை இளம்பரிதி ஏதோ வீடியோ பார்த்துவிட்டுச் சோளத்தை மைய அரைத்தான். "மூஞ்சிக்குப் பூசறதுக்கா அரைச்ச?" என்று மாதையன் கேட்டார். அவன் சிரித்தான். ஒரு மாதத்தில் ஒரு பன்றி வெளுத்துச் சுருண்டு செத்தது. அறுத்துப் பார்த்தால் வயிற்றின் வாயிலேயே புண். அன்றைக்கு மாதையன் முகத்தில் துக்கத்தைவிடப் பெருமைதான் அதிகம் தெரிந்தது.

இவ்வளவு தெரிந்த மனிதர் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். பதினோரு மணிக்குள் வெறும் வயிற்றில் ஐந்து டீ. அதோடு மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கிய மூட்டுவலி மாத்திரை. மதியம் கடைவீதியில் பரோட்டா. அதைச் சால்னாவில் முக்கி, மெல்லாமலே விழுங்குகிறார். அவர் மனைவி கலைமணி கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் செய்து டிபன் பாக்ஸில் கொடுத்தனுப்புவார். அது நேராகத் தொட்டிக்குப் போகிறது. கலைமணியின் கைப்பக்குவம் முப்பது பன்றிகளுக்கும் நன்றாகவே தெரியும்.

இந்த மாதம் மாதையன் வெளுத்துக்கொண்டே வருகிறார். ஒரு மூட்டையை இறக்கினாலே மூச்சு வாங்குகிறது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கலைமணி ஓய்ந்துபோனார். "மூணு நாளா அவருக்குச் சோறே எறங்கலீங்கண்ணா. எனக்கு பயமா இருக்குது," என்று என்னிடம் அழுதார். நான் போய் மாதையனைக் கேட்டேன். பண்ணையை யார் பார்ப்பது என்றார். இன்னும் கொஞ்சம் கிண்டியதும், வாய் வழியாகக் குழாய் விடுவார்களாமே என்றார். ஊசிக்குத் திமிறும் எண்பது கிலோ பன்றியை ஒற்றை ஆளாக மடக்குகிறவர் இவர். எனக்குக் கோபம்தான் வந்தது.

நேற்று கால்நடை மருத்துவர் எழிலரசி தடுப்பூசி போட வந்திருந்தார். நானும் பண்ணையில் இருந்தேன். வேலை முடிந்து அவர் பெட்டியை மூடும்போது மாதையன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, ஒரு உருப்படிக்கு மட்டும் பத்து நாளா கறுப்பாக் கழியுதுங்க. ரோட்டுத் தாரு மாதிரி."

எத்தனை கிலோ இருக்கும் என்று டாக்டர் கேட்டார்.

"அறுவது இருக்குமுங்க. எறங்கிக்கிட்டே வருது. தீனியும் எடுக்கறதில்ல."

டாக்டரின் முகம் மாறியது. உள்ளே புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது, இன்றைக்கே வைத்தியம் பார்க்காவிட்டால் தேறாது என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கடிந்தும் கொண்டார். கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"கண்ணு உள்பக்கம் வெளுத்திருக்கான்னு பாக்கணும். எந்தக் கொட்டாயில இருக்குது, காட்டுங்க."

மாதையன் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். பிறகு சற்றுக் குனிந்து, தன் கீழ் இமையை ஒற்றை விரலால் இழுத்துப் பிடித்தபடி, டாக்டருக்கு முன்னால் முகத்தை நீட்டினார்.