ஒரே விதை, இரண்டு கொல்லை

“...அப்டின்னா அது என் கொல்லையில புடுங்கின வேருதான்னு டெஸ்ட்டே சொல்லிட்ச்சு, அதானே சார்?” என்று மேனேஜரிடம் கேட்டாள் அக்கா.

சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலிருக்கும் கம்பெனிக் கிடங்கில், எடை மேடைக்கு முன்னால் நின்றிருந்தோம். மருந்துக் கம்பெனிக்குப் போகிற நித்தியகல்யாணி வேரைச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து என் வண்டியில்தான் ஏற்றி வருவேன். அக்கா மூட்டை, அவள் தங்கச்சி மூட்டையோடு வழியில் இன்னும் சிலர் மூட்டையையும் ஏற்றிக்கொள்வேன். போன முறை ஒரு மூட்டை வேரில் ஈயம் இருந்ததாம். மூட்டையில் பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை. அதனால் கம்பெனிக்காரர்கள் வேரின் டி.என்.ஏ.வை எடுத்து, ஏற்கெனவே கொல்லை கொல்லையாகப் பறித்துப்போயிருந்த இலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இலை பறிக்க வந்த அன்றைக்கு அக்கா, “செடிக்கு வாய் இருந்தா நம்பள ஊர வுட்டே தொரத்தும்பா” என்று எல்லாரையும் சிரிக்க வைத்தாள்.

அக்கா கொல்லை சுத்தமான கடல் மணல். அதில் ஈயம் எங்கிருந்து வரும்? அவள் முந்தானையில் முடிந்து கொடுத்த விதையைத்தான் அவள் தங்கச்சி, தொழிற்சாலை மதிலுக்குப் பின்னாலிருக்கும் தன் நிலத்தில் தூவினாள். மழைக்குத் தொழிற்சாலைக் கழிவுநீர்க் கால்வாய் கறுப்பாக வழிந்து அங்கேதான் நிற்கும். இலை பறிக்க வந்தபோது அங்கே முளையே விடவில்லை; அதனால் அந்த நிலத்து இலை கம்பெனியிடம் இல்லை. செடி எந்த விதையில் வந்தது என்று டி.என்.ஏ. சொல்லும், எந்தத் தண்ணீரைக் குடித்தது என்று சொல்லாது.

தங்கச்சி பக்கத்திலேயே நின்றாள். அவள் மூட்டைகள் ஏற்கெனவே எடை மேடையில் ஏறியிருந்தன. புருஷன் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கை. அந்த நிலம்தான் சோறு. ஈயம் யார் கொல்லையிலிருந்து வந்ததோ அவர்களிடம் இனி வாங்க மாட்டோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

“யக்கா, வெத குட்த்தத சொல்லிடு. உன் பொழப்பு பூடும்” என்றேன் மெதுவாக.

“வண்டி ஓட்றவன் வண்டிய மட்டும் ஓட்டு.”

தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தாள். “இன்னாடி, எதுனா சொல்லணுமா?”

தங்கச்சி குனிந்து, கட்டியிருந்த சாக்கு வாயையே மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

“உன் சரக்குதானாம்மா?” என்று அக்காவிடம் கேட்டார் மேனேஜர்.

“என்துதான் சார்.”

அக்கா தன் மூட்டைகளை என் வண்டியில் தூக்கிப் போட்டாள். பிறகு எடை மேடையில் ஏறி, “இதுவும் என்துதான், மருந்துக்குப் போவக் கூடாது” என்று சொல்லி, தங்கச்சி கையைத் தட்டிவிட்டு, அவள் மூட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கீழே இழுத்துத் தள்ளினாள்.