காளியம்மையின் சண்டை வைத்தியம்

மலையாளக்கரை மட்டாஞ்சேரியில் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் சுக்கு தரம்பிரிக்கிற காளியம்மைக்கு, எழுபத்தொன்பதாம் வருஷக் கோடையில் குழாயடியில் வைத்து இடது கால் பெருவிரல் ஒடிந்தது. நிறைகுடம் நழுவிக் காலில் விழுந்த நேரம், பக்கத்து வீட்டு மாயம்மாளோடு வரிசைக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மாயம்மாளும் பேச்சில் சளைத்தவள் அல்ல. அரைமணி நேரம் கழித்துக் காளியம்மைதான் ஜெயித்து, குடத்தை மறுபடி நிறைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள்.

"ஏட்டி, வழியெல்லாம் ரத்தமால்ல இருக்கு?" என்று புருஷன் பாலையா கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தாள். அப்புறம் அவள் போட்ட கூப்பாட்டில் தெருவே கூடியது.

கட்டுப் போட்ட டாக்டர் முகமது இஸ்மாயில் பொறுமைசாலி. அடிபட்ட சேதி நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்கு வந்துதான் மூளைக்கு ஏறும், மூளைக்கு அதைவிட அவசர ஜோலி இருந்தால், 'இப்போது அனுப்பாதே' என்று கீழே சொல்லிவிட்டு அங்கேயே அடக்கிவைக்கும் என்று விளக்கினார். காளியம்மைக்கு அதில் ஒன்றுதான் மனசில் நின்றது: சண்டை போட்டால் வலிக்காது.

அன்றிலிருந்து இடுப்புவலிக்குக் கிட்டங்கி மேஸ்திரியோடு சண்டை, தலைவலிக்குப் பாலையாவோடு. அவள் நெற்றியைத் தடவினாலே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சாயாக்கடைக்குக் கிளம்பிவிடுவார்.

மறுவருஷம் கடைவாய்ப்பல் பழுத்துக் கன்னம் வீங்கியது. தோப்பும்படியில் இருக்கிற பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்கவேண்டும். பல்லுக்குப் பாலையா போதாது என்று தோன்றியதால், மாயம்மாளிடமே போய்த் துணைக்குக் கூப்பிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் வாய்க்கு வந்தபடி ஏசவேண்டும், அவ்வளவுதான். மாயம்மாள் சந்தோஷமாகவே கிளம்பினாள்.

ஊசி போட்டும் பழுத்த இடம் சரியாக மரக்கவில்லை. டாக்டர் குறடை எடுத்ததும் காளியம்மை கண்ணைக் காட்டினாள். மாயம்மாளோ அந்த வீக்கத்தையும் வழிகிற கண்ணீரையும் பார்த்து, ஏச்செல்லாம் மறந்துபோய், அவள் கையைத் தடவ ஆரம்பித்தாள்.

"பாவம்ட்டி நீ."

காளியம்மைக்கு உச்சந்தலை கொதித்தது. டாக்டர் கையைத் தட்டிவிட்டாள். "நல்லவளாகுறதுக்கு இன்னைக்குத்தானாட்டி உனக்கு நாள் கெடச்சுது?" என்று தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. வாய் நன்றாகத் திறந்திருந்த சமயம் பார்த்து டாக்டர் பல்லை எடுத்துத் தட்டில் போட்டார். 'கழிஞ்ஞு', முடிந்துவிட்டது என்று அவர் மலையாளத்தில் இரண்டுதரம் சொன்னபிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் காளியம்மையின் வாய் நிறையப் பஞ்சு. அவளால் பதில் பேசமுடியாது என்பது பாதி வழியில்தான் மாயம்மாளுக்கு உறைத்தது. மட்டாஞ்சேரி வரும்வரை நிதானமாக ஏசிக்கொண்டே வந்தாள்.