நீல நூலில் அறுந்த முடிச்சுகள்

காஜாம்மாவின் வீட்டில் பேச்சுச் சத்தத்தைவிட மெஷின் சத்தம்தான் அதிகம் கேட்கும். மூன்று தையல் கடைகளிலிருந்து சட்டைகள் மூட்டையாக வரும். பட்டன் நுழைகிற ஓட்டைகளைத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. அதற்குக் காஜா எடுப்பது என்று பெயர். பதினேழு வருடமாகக் காஜா எடுத்ததில் வேலையின் பெயரே அவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஓட்டை வரவேண்டிய இடத்தைச் சுற்றி முதலில் தையல் போட வேண்டும். அதன் பிறகுதான் நடுவில் பிளேடால் கீற வேண்டும். கை ஒரு நூலளவு நழுவினாலும் சட்டை போனது போனதுதான். அதனால் அவள் கீறுவதற்கு முன்னால் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு குண்டூசியைக் குத்திக்கொள்வாள். பிளேடு ஊசியில் இடித்து நின்றுவிடும். ஒரு சட்டைக்கு ஏழு காஜா, பதினாலு ஊசி. "இப்படிக் குத்திக் குத்தி எடுத்தா என்னைக்கு முடிக்கிறது?" என்று கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் இதுவரை ஒரு சட்டைகூட அவள் கையில் கெட்டதில்லை.

இவ்வளவு கவனமுள்ளவளுக்குக் கூலி கேட்க மட்டும் நாக்கு எழாது. முடித்த சட்டைகளைப் பையில் போட்டுக் கடையின் ஆணியில் மாட்டிவிட்டுத் தலையைக் குனிந்தபடி வந்துவிடுவாள். அடுத்த முறை போகும்போது காலிப் பைக்குள் எவ்வளவு இருக்கிறதோ அதுதான் கூலி. பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். பாதியில் நின்ற படிப்பு, எழுதி வைக்கவும் கூச்சம். கடைக்கு ஒரு நிறமாக மூன்று நூல்களைச் சுவரில் தொங்கவிட்டிருந்தாள். கூலி வராத ஒவ்வொரு நூறு காஜாவுக்கும் ஒரு முடிச்சு. பணம் வந்தால் ஊசி முனையால் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுவாள். அவளைத் தவிர அந்தச் சுவரைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. அவள் கணவர் கொத்தனார். பூச்சு வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். உயரம் அதிகமில்லை, ஆனால் வலது கையின்மேல் விழுந்திருக்கிறார். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது நாத்தனார் முன்னாலேயே வந்து கட்டிலருகே நின்றிருந்தாள்.

முழங்கைக்கு மேலே எலும்பு இரண்டாகிவிட்டது என்றார் டாக்டர். உள்ளே ஸ்டீல் பிளேட் வைத்துத் திருக வேண்டும். ஆபரேஷனுக்குக் காசில்லை, பிளேட்டை மட்டும் நாம்தான் வாங்க வேண்டும், அதற்கு இருபதாயிரம். மாலை நாலு மணிக்குள் கவுண்டரில் கட்டினால் மறுநாள் காலை ஆபரேஷன். தவறினால் அடுத்த புதன்தான், எலும்பு டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வருகிறவர், இந்த வாரத்தின் இன்னொரு நாள் ஏற்கெனவே நிறைந்துவிட்டது.

"ஒரு வாரம் பொறுத்தா என்னங்க ஆகும்?" என்று நாத்தனார் கேட்டாள்.

டாக்டர் கொத்தனாரின் விரல்களை மடக்கச் சொன்னார். கட்டைவிரல் அசைந்தது. மற்ற நாலும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. நரம்பு நசுங்கியிருக்கிறது, தள்ளிப்போடப் போட விரல் திரும்பாமலேயே போகலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சாந்துக் கரண்டி பிடிக்கிற கை அது. அந்தக் கை இல்லாவிட்டால் கொத்தனார் வெறும் ஆள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

வீட்டு டப்பாவில் இருந்த மூவாயிரத்தை வரும்போதே எடுத்து வந்திருந்தாள். நாத்தனார் இரண்டாயிரம் கொடுத்தாள். அவரை வேலைக்கு வைத்த மேஸ்திரி மூவாயிரத்தை ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டார். இன்னும் பன்னிரண்டாயிரம் வேண்டும். நகை என்று இருந்ததெல்லாம் வாடகை வீட்டு முன்பணத்துக்காக ஏற்கெனவே அடகில் இருந்தது. மகளிர் சங்கத்தில் கடன் கேட்டால் பத்து நாள் ஆகும். தெருமுனையில் தினவட்டிக்கு விடுகிறவர் உடனே கொடுப்பார், ஆனால் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்.

"அண்ணி, இங்க பாருங்க. போன்லயே தராங்களாம். அஞ்சு நிமிஷத்துல பணம் வந்துடுமாம்" என்று நாத்தனார் தன் போனை நீட்டினாள். பிறகு காஜாம்மாவின் போனையே வாங்கி அதில் என்னென்னவோ அழுத்தினாள். பன்னிரண்டாயிரம் என்று பச்சை எழுத்தில் வந்தது. கைக்கு வருவது எண்ணாயிரத்து நானூறு, ஏழு நாளில் முழுசாகக் கட்ட வேண்டும் என்பது அடியில் எறும்பு மாதிரிப் பொடி எழுத்தில் இருந்தது. கடைசியில், போனில் உள்ள எல்லா எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி தருகிறீர்களா என்று கேட்டது. சம்மதம் என்று ஒரு பெரிய கட்டம்.

காஜாம்மா விரலைக் கொண்டுபோனாள். விரல் நின்றது.

இது கீறுகிற இடம் என்று அவளுக்குப் பட்டது. இரண்டு முனையிலும் ஊசி இல்லை. எங்கே ஆரம்பிக்கும், எங்கே போய் நிற்கும் என்று அந்தக் கட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதோடு அவளுக்குப் பாக்கெட் அக்காவின் முகம் ஞாபகம் வந்தது.

பாக்கெட் அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், சட்டைக்குப் பாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். போன வருடம் மகளின் காய்ச்சலுக்காக இப்படித்தான் போனில் கடன் எடுத்தாள். நாலு நாள் தவறியது. அவள் போனில் எண் இருந்த எல்லாருக்கும் அவள் படம் போனது, கீழே திருடி என்று எழுதி. எல்லாத் தையல் கடைக்கும் போனது. காஜாம்மாவுக்கும் வந்தது. அவள் அதை அழித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு பாக்கெட் அக்கா எதிரே வந்தால் சாலையைத் தாண்டி மறுபக்கம் போனாள். வெறுப்பினால் இல்லை. பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் சாலையைத் தாண்டுகிறவளின் மனசு எதிரே வருகிறவளுக்கு எப்படித் தெரியும்?

போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நாத்தனாரைக் கட்டிலருகே இருக்கச் சொல்லிவிட்டு நேரே பாக்கெட் அக்கா வீட்டுக்குப் போனாள். மணி பதினொன்றரை.

பாக்கெட் அக்கா மெஷினிலிருந்து எழுந்திருக்கவில்லை. வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி, இன்னைக்கு ரோட்டத் தாண்ட மறந்துட்டியா?"

காஜாம்மா வாசலிலேயே நின்றாள்.

"அந்த போட்டோ உனக்கும் வந்துச்சுல்ல?"

"வந்துச்சுக்கா."

"பாத்தியா?"

"பாத்தேன். அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டாளாம். மகராசி. என்னாச்சுக்கான்னு ஒரு வார்த்த வந்து கேட்டிருந்தா உன் வாயில இருக்கிற முத்து கொட்டிப் போயிருக்குமா?"

காஜாம்மாவின் கண்ணில் நீர் வந்தது. துடைக்காமல், கணவர் விழுந்ததையும் விரல்களையும் நாலு மணியையும் போனில் இருந்த கட்டத்தையும் சொன்னாள். அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. பாக்கெட் அக்கா மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"கட்டத்த அழுத்திட்டியா?"

"இல்ல."

"பொழச்ச. மொதல்ல அத போன்லேர்ந்து எடு." அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டே பேசினாள். அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் முதலில் உனக்கு வர வேண்டியதைப் போய்க் கேள், அதற்கு வட்டி கிடையாது. அதுவும் பற்றாவிட்டால் முகம் தெரிந்த ஆளிடம், பொருளை வைத்து, தாளில் எழுதி வாங்கு. முகம் தெரியாதவனிடம் மட்டும் போகாதே, நம் முகத்தை அவன் வைத்துக்கொள்வான். இதெல்லாம் தான் விலை கொடுத்துப் படித்த பாடம் என்று சொல்லிவிட்டு, "உனக்கு எவ்வளவு பாக்கி நிக்குது?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் காஜாம்மா வீட்டுக்குப் போனார்கள். சுவரில் தொங்கிய நூல்களைப் பார்த்துப் பாக்கெட் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி, இதான் உன் பேங்கா?" ஆனால் முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

வெள்ளை நூலையும் சிவப்பு நூலையும் எடுத்துக்கொண்டு முதலில் சின்னக் கடைகளுக்குப் போனார்கள். முதல் கடையில் பாக்கெட் அக்கா வேண்டுமென்றே வெளியே நின்றுகொண்டாள். காஜாம்மா உள்ளே போய், தரையைப் பார்த்தபடி, பாக்கி வேண்டும் என்றாள். கடைக்காரர் ஆச்சரியப்பட்டார். கேட்கவே இல்லையே, வேண்டியதில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன் என்று சொல்லி எண்ணிக் கொடுத்துவிட்டார். பணம் வந்த சந்தோஷத்தைவிட அந்தச் சொல்தான் அவளை அதிகம் குத்தியது. இரண்டாவது கடையில் பாதிதான் கிடைத்தது. ஆக நாலாயிரம் சேர்ந்தது. இன்னும் எண்ணாயிரம் வேண்டும். மணி இரண்டாகிவிட்டது.

மிச்சம் பெரிய கடை. கட்டிங் மாஸ்டரின் கடை. அவர் கணக்குக்கு நீல நூல். அதை எடுக்கத் தயங்கித்தான் காஜாம்மா கடைசிவரை வைத்திருந்தாள்.

நீல நூலில் ஒரு தவறு நடந்திருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் மாஸ்டர் நீலச் சீருடை இருநூறு அனுப்பியிருந்தார். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று ஆள்மேல் ஆள் வந்தது. கடைசி எட்டுச் சட்டையில் நூல் தீர்ந்துவிட்டது. நூல் கடை பூட்டிக் கிடந்தது. அவள் சுவரைப் பார்த்தாள். அதே நீலம். முடிச்சு விழுந்த பாகத்தை அவசரத்தில் வெட்டி எறிந்துவிட்டு, ஆணியில் கண்டாகச் சுற்றியிருந்த மிச்ச நூலை மெஷினில் போட்டுச் சட்டைகளை முடித்துக் கொடுத்தாள். இருபத்தெட்டு முடிச்சு, மனசில் இருக்கிறது, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். போடவில்லை. அதற்குப் பின் புதிதாகக் கட்டிய நூலில் பத்து முடிச்சுதான் இருந்தது.

கணவரின் கைக்கு ஆபரேஷன், நாலு மணிக்குள் எண்ணாயிரம் வேண்டும் என்று சொல்லி, மாஸ்டர் மேஜைமேல் நூலை நீட்டி வைத்தாள். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"நூல்லயா கணக்கு? நல்லாருக்கும்மா. பத்து முடிச்சு, ரெண்டாயிரம். இந்தா, வாங்கிக்க."

அவள் வாங்கிக்கொண்டாள். போகவில்லை.

"இன்னும் இருபத்தெட்டு இருந்துச்சு மாஸ்டர். நூல் தீந்துபோச்சுன்னு வெட்டிட்டேன். உங்க சீருடைக்குத்தான் போட்டேன்."

கடையில் இருந்த மூன்று மெஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மாஸ்டர் துணியை அளக்கிற டேப்பைக் கழுத்தில் சரிசெய்துகொண்டார். அவருக்கு அது ஞாபகம் இருந்தது என்பது அவர் கண் போன போக்கிலேயே காஜாம்மாவுக்குத் தெரிந்தது. பேசாமல் மனிதர்களைப் பார்த்துப் பார்த்தே பழகியவள் அவள்.

"முடிச்சு இருந்தா கணக்கு இருக்கு. இல்லாத முடிச்சுக்கு நான் எப்படிம்மா பணம் தரது?" என்றார் அவர். பிறகு மேஜைமேல் கிடந்த துணியை மடித்துக்கொண்டே, "புருஷன் கைக்கு அடிபட்டிருக்குன்னு சொல்ற. ஆறாயிரம் தரேன். கடனாத் தரேன். வட்டி வேணாம். உன் மெஷின கொண்டாந்து இங்க போடு, அடையற வரைக்கும் இங்கயே உக்காந்து என் வேலைய மட்டும் பாரு" என்றார்.

"அவ காச அவளுக்கே கடன் குடுக்கறீங்க. பெரிய மனசு மாஸ்டர் உங்களுக்கு" என்றாள் பாக்கெட் அக்கா. மாஸ்டர் காது கேட்காத மாதிரி ஒரு தாளை எடுத்துப் போட்டார்.

"கீழ ஒரு கையெழுத்து மட்டும் போடு. மேல நான் அப்புறம் எழுதிக்கறேன்."

பாக்கெட் அக்கா வாயைத் திறப்பதற்குள் காஜாம்மா பேனாவைத் தாளின்மேல் படுக்க வைத்தாள்.

"ரெண்டு ஓரத்துலயும் ஊசி குத்தாம நான் கீற மாட்டேன் மாஸ்டர். எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள, மெஷின் யாரோடது, எப்ப திருப்பித் தருவீங்க, எல்லாத்தையும் மேல எழுதுங்க. ரெண்டு தாள்ல எழுதுங்க. ஒண்ணு எனக்கு."

மாஸ்டர் எழுதினார். எழுதும்போது ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தார், இத்தனை வருடமாக ஆணியில் பை மாட்டிவிட்டுப் போனவள் இவள்தானா என்கிற மாதிரி.

மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது அவள் பார்க்கவில்லை. மூன்றே முக்காலுக்குக் கவுண்டரில் பணத்தைக் கட்டினாள். ரசீதைக் கையில் வாங்கிய பிறகுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது. பாக்கெட் அக்கா எங்கிருந்தோ இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் வந்து கேட்டிருக்கணும்க்கா."

"கேட்டிருக்கணும்தான்" என்றாள் பாக்கெட் அக்கா. "டீய குடி, ஆறிடப் போகுது."

ஆபரேஷன் நடந்தது. ஆறாம் நாள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கின. மற்ற இரண்டும் இன்னும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம், பந்தை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். கொத்தனார் நாளெல்லாம் அழுத்துகிறார். வீட்டில் மெஷின் சத்தம் இல்லாததால், பந்து அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுகிற சத்தம் கேட்கிறது. வீட்டுக்கு வந்த முதல் நாள் அவர், மெஷின் எங்கே என்று கேட்டார். சொன்னாள். அதற்குப் பிறகு அந்த மூலையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

காஜாம்மா இப்போது மாஸ்டர் கடையில், தன் மெஷினிலேயே, கூலிக்கு உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளை நூல் கடைக்கும் சிவப்பு நூல் கடைக்கும் வேறு ஆள் வந்தாகிவிட்டது. வாரக் கூலியில் ஒரு பகுதி கடனில் கழியும், ஆறாயிரம் அடையும் வரை இப்படித்தான். நடுவில் மாஸ்டர் மனசு மாறினால் என்ன செய்வது என்ற பயம் சட்டை மடிக்கும்போதெல்லாம் வருகிறது. மடித்து வைத்த தாள் இடுப்பில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம், முடித்த சட்டைகளை எண்ணி மேஜைமேல் வைத்தாள். மாஸ்டர் வழக்கம்போல ஆணியைக் காட்டி, பையை மாட்டிவிட்டுப் போம்மா, கூலியைப் போட்டு வைக்கிறேன் என்றார்.

அவள் பையை மாட்டவில்லை. அதை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு மேஜைக்கு எதிரே நின்றாள். முகம் சிவந்து, காது சூடானது. வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை. மாஸ்டர் இரண்டு துணியை வெட்டி முடிக்கும்வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மேஜை டிராயரைத் திறந்தார்.