சுவெட்டர் பையில் கிடந்த காய்கள்

காப்பிப் பறிப்பு முடிந்ததும் செடிக்கடியில் உதிர்ந்த காய்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் காயைத் துளைக்கும் வண்டு அதற்குள்ளேயே பிழைத்துக் கிடந்து அடுத்த வருச விளைச்சலைக் கெடுத்துவிடும். தை மாதம் அப்படிப் பொறுக்கியதில் ஒரு கைப்பிடியைச் சுவெட்டர் பையில் போட்டவன் மறந்துபோனேன்.

துவைக்கும் முன் பைகளைத் துழாவிப் பார்ப்பவள் என் மனைவி. மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருந்தாள். பேரன் பிறந்த பிறகும் அவள் திரும்பவில்லை. சுவெட்டர் ஆணியிலேயே தொங்கியது.

சித்திரையில் முதல் மழை பெய்த மறுநாள் அதை எடுத்தேன். எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு கறுப்பு வண்டு அதன் கைமேல் ஊர்ந்தது. பைக்குள் துழாவினால், தை மாதம் போட்ட காய்கள் அப்படியே கிடந்தன. எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் எஸ்டேட் ரைட்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஏனுங்க, மூணு மாசம் சொட்டுத் தண்ணியில்லாம எப்படிங்க உசுரோட இருந்துச்சு?"

"காஞ்ச காய்க்குள்ள அசையாம கெடக்குமுங்க. மழ ஈரம் பட்டதும் கெளம்பிரும். அதும் பொட்ட வண்டு மட்டுந்தானுங்க. ஆணுக்குப் பறக்க வராது. பொறந்த காய்க்குள்ளயே கெடந்து செத்துரும்."

வீட்டுக்கு வந்து அடுப்பில் தண்ணீர் வைத்தேன். மனைவி போனில் கூப்பிட்டாள்.

"அங்க மழைங்களா?"

"நொம்ப மழை."

"சுவெட்டரு போட்டுக்கங்க."

எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் கொதித்ததும் காய்களைக் கொட்டினேன். பெண் வண்டு கிளம்பிப் போன, துளை விழுந்த ஒன்றை மட்டும் மறுபடி பையில் போட்டு, சுவெட்டரை மாட்டிக்கொண்டேன்.