புகைபோக்கிக்குக் கீழே ஒரு டைரக்டர்

குக் தெசிக்கை நான் முதன்முதலில் பார்த்தது தென்கொரியாவின் மாசான் நகரில், ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் விருந்தில். மேஜைமேல் நூல், பென்சில், மடித்த வொன் பணத்தாள் எல்லாம் பரப்பி வைத்து, குழந்தை எதை எடுக்கும் என்று சொந்தபந்தம் சுற்றி நின்றது. குழந்தை நூலை எடுத்தது. ஆயுசு கெட்டி என்று எல்லோரும் கைதட்டினார்கள். கேமராவுக்குப் பின்னால் இருந்த தெசிக், "நூலு படத்துல தெரியவே மாட்டேங்குது. பென்சில எடுக்கச் சொல்லுங்க," என்றான். குழந்தையின் கையிலிருந்து நூலைப் பிடுங்கி, பென்சிலைத் திணித்து, மறுபடியும் கைதட்டச் சொன்னான். தட்டினார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. "மேல மியூசிக் போட்டுக்கலாம்," என்று மைக் பிடித்திருந்த என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஒலிப்பதிவு செய்கிறவளுக்கு எங்கள் பக்கத்தில் ஆள் பார்த்து வேலை செய்யும் வசதி கிடையாது. அவன் கேமரா போன இடமெல்லாம் என் மைக்கும் போனது.

கல்யாணங்களை ஆளாளுக்குச் செல்போனில் எடுக்க ஆரம்பித்ததும் அவன் பிழைப்பு படுத்தது. சியோலுக்குப் போய் ஏதோ பயிற்சி வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, உடம்பெல்லாம் பை வைத்த கையில்லாத சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு திரும்பினான். அன்றிலிருந்து அவன் ஆவணப்பட டைரக்டர். அத்தனை பைகளில் ஒன்றில் லென்ஸ் மூடி இருந்தது. மற்றவற்றில் சாப்பாட்டுக் கடைகளில் அள்ளிய பல்குத்தும் குச்சிகள் இருந்தன. எடுத்ததைத் திரும்பப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவனுக்குக் கடைசிவரை வரவில்லை. கேட்டால் நெற்றியைத் தட்டிக் காட்டுவான். "படம் இதுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு, நாம்." நாம் என்பது என் பெயர். அதற்குள் என்ன ஓடியது என்பதைப் பிற்பாடு ஊரே பார்த்தது.

சாங்வோன் நகரத்தின் ஓரத்தில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஒரு இலையுதிர் காலத்தில் தையல் பிரிவைப் பூட்டிவிட்டு, அங்கே இருந்த பெண்களை எல்லாம் கைபேசியில் ஒரு வரிச் செய்தி அனுப்பி வெளியேற்றினார்கள். மறுவாரம் தொழிற்சங்கத்துக்காரன் பியோ சாங்கில் என்பவன், பயன்படாமல் கிடந்த பழைய புகைபோக்கியின் உச்சிக்கு ஏறி உட்கார்ந்துகொண்டான். மேலே வட்டமாக ஒரு இரும்பு மேடை. படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வேலையைத் திருப்பித் தரும்வரை இறங்க மாட்டேன் என்று ஒலிபெருக்கியில் முழங்கினான்.

சாங்கில் பேசப் பிறந்தவன். பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவான். தெசிக்குக்கு அவனைக் கண்டதும் வாயெல்லாம் பல். "ஹீரோ கிடைச்சிட்டான்!" என்றான்.

ஹீரோ ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. வயிற்றுவலி என்றான், குளிர் என்றான், ஒரு விடியற்காலை இறங்கிவிட்டான். மேடை காலியாக இருந்தால் போலீஸ் ஏணியை அடைத்துவிடும். அவன் இறங்க இறங்க, அதே ஏணியில் ஓக் சுன்தொக் ஏறினார். ஐம்பதைத் தாண்டிய தையல்காரம்மா. யாரும் அவரை ஏறச் சொல்லவில்லை. ஏறுகிறேன் என்று அவரும் யாரிடமும் சொல்லவில்லை. போர்வையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார், அவ்வளவுதான்.

குளிர்காலம் முழுக்க அவர் அங்கே இருந்தார். ஒலிபெருக்கியைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினோம். அதே கயிற்றில் திருப்பி அனுப்பிவிட்டார். காலையில் மேடை விளிம்பில் போர்வையை உதறுவார். படபடவென்று கேட்கும். கீழே கூடாரத்தில் இருக்கும் மால்சுக், "எந்திரிச்சிட்டா எங்கக்கா," என்று கடற்பாசி சூப்பை அடுப்பில் ஏற்றுவாள். மால்சுக்கும் அதே பிரிவில் தைத்தவள். வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு. வாளி மேலே போகும், காலியாக வரும். சாங்கில் கீழே ஒரு மேடை போட்டுக்கொண்டு, 'புகைபோக்கி மனிதன்' என்று நெற்றியில் துணி கட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பேட்டி கொடுத்தான்.

தெசிக் பேட்டிகளை ஓடி ஓடி எடுத்தான். புகைபோக்கியை எடுக்க வேண்டிய நாட்களில் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி ஓடவிட்டுவிட்டு, காரில் ஹீட்டரைப் போட்டுத் தூங்கினான். நான் வெளியே நின்று காற்றைப் பதிவு செய்தேன்.

வசந்தம் வந்ததும் நிர்வாகம் இறங்கி வந்தது. சுன்தொக்கும் இறங்கி வந்தார். எல்லோருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. தெசிக்கிடம் மலைபோல் படம் சேர்ந்திருந்தது. எடிட்டராக வந்தவன் அதைப் பார்த்து மிரண்டு ஓடிவிட்டான். அப்போதுதான் இவன் செயற்கை அறிவைப் பிடித்தான்.

"தம்பி ஒருத்தன் கெடைச்சிருக்கான், நாம். சோறு கேக்க மாட்டான், லீவு கேக்க மாட்டான்." பேச்சையெல்லாம் ஒரு மென்பொருள் எழுத்தாக மாற்றிக் கொடுத்தது. அந்த எழுத்தை இன்னொன்றிடம் கொட்டி, எது முன்னால் வர வேண்டும், எது பின்னால் என்று கேட்டான். இதில் தப்பே இல்லை. மலைபோல் கிடப்பதை வகை பிரிக்க உதவிக்கு ஆள் வேண்டும்தான். ஆனால் தன் படத்தைத் தானே பார்க்காதவனுக்கு யார் உதவி செய்து என்ன? கொஞ்ச நாளில், "இந்தப் பயலுக்கு சினிமாவே தெரியல," என்று முனகினான். பிறகு மறுபடியும் "தம்பி" ஆகிவிட்டது. அவர்களுக்குள் என்ன சண்டை, என்ன சமாதானம் என்று எனக்குத் தெரியாது.

குளிர்காலத்தில் எடுத்ததை ஒருதரம் பார்க்கலாமே என்றேன். "நீ காதால படம் பாக்கறவ," என்றான். "அதுல பேச்சே இல்ல. பேச்சு இல்லன்னா கதை இல்ல."

முதல் தொகுப்பைச் சங்கக் கூடத்தில் போட்டான். தொழிற்சாலைப் பெண்கள் வேலை முடிந்து நேராக வந்திருந்தார்கள். வேகவைத்த பன்றி இறைச்சி, கிம்சி ஊறுகாய், மக்கல்லி அரிசிக் கள் என்று தரையிலேயே பந்தி. படம் ஓடியது. சாங்கில் ஏறினான், சாங்கில் பேசினான், சாங்கில் கண்ணைத் துடைத்தான், சாங்கில் இன்னும் பேசினான். அவன் இறங்கியதைக் காணோம். பனி வந்தது, போனது, பூ பூத்தது, சாங்கில் வென்றான். கடைசியில் ஏணியில் யாரோ ஒரு பெண் இறங்கி வருவது கண் சிமிட்டும் நேரம் தெரிந்தது. விளக்கைப் போட்டார்கள்.

மால்சுக் வாயில் இருந்த இறைச்சியை மென்று முடித்துவிட்டுக் கேட்டாள். "டைரக்டர் சார், ஒரு சின்ன சந்தேகம். ஜனவரி மாசம் மேல யாரு இருந்தா? காக்காவா?"

கூடம் சிரித்தது. தெசிக் தொண்டையைச் செருமினான். "அக்கா, இது ஒரு மனுஷனோட உணர்ச்சிப் பயணம். சாங்கிலோட பயணம் வழியா நாம எல்லாரும்..."

"அவன் பயணம் போனது கக்கூசுக்குத்தானே?"

சாங்கில் துள்ளி எழுந்தான். "எனக்கு வயித்துல புண்ணு! டாக்டர் சர்டிபிகேட்டே இருக்கு!"

"அதையாவது படத்துல காட்டியிருக்கலாமே. பேச்சக் கேட்டதுக்கு அது எவ்வளவோ தேவல."

இப்போது சிரிப்பு அடங்க நேரமானது. அவமானம் தெசிக்கின் காது நுனியில் சிவப்பாக ஏறியது. ஒரு மனிதன் இந்த இடத்தில், தப்பாகிவிட்டது அக்கா, திரும்பச் செய்கிறேன் என்று சொல்லியிருப்பான். தெசிக் மடிக்கணினியைத் திறந்தான்.

"நான் பண்ணலைங்க இத. மெஷின் பண்ணிச்சு! செயற்கை அறிவு சொன்ன வரிசை இது. வேணும்னா நீங்களே பாருங்க," என்று, அதனோடு தான் பேசிய பேச்சையெல்லாம் திரையில் போட்டுவிட்டான். அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. அதையும் அவன் சரியாகப் படிக்கவில்லை.

"சவுண்டம்மா, எங்கிட்ட கண்ணாடி இல்ல. கொஞ்சம் சத்தமாப் படி," என்றாள் மால்சுக். படித்தேன்.

இயந்திரம் எழுதியிருந்தது: "என்னிடம் இருப்பது பேச்சின் எழுத்து வடிவம் மட்டுமே. குளிர்காலக் காட்சிகளில் பெரும்பாலும் பேச்சு இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அப்போது மேலே இருந்தவர் ஓக் சுன்தொக். படத்தின் மையமே அவராக இருக்கலாம். அந்தக் காட்சிகளை நீங்கள் பார்த்துவிட்டுச் சொன்னால், பிறகு வரிசையை முடிவு செய்யலாம்."

அதற்கு இவன் பதில்: "அந்தம்மா வாயே தொறக்காது. அத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. சாங்கில ஹீரோவா வெச்சு மூணு பாகமாப் பிரிச்சுக் குடு."

இயந்திரம்: "பிரித்துத் தருகிறேன். ஆனால் சாங்கில் நடுவில் இறங்கியதை விட்டுவிட்டால், கடைசிவரை மேலே இருந்தவர் அவர்தான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அது உண்மையல்ல. அதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இவன்: "அத நான் பாத்துக்கறேன். ஐரோப்பாவுல பரிசு வாங்கற மாதிரி ஒரு முடிவு சொல்லு."

தெசிக் கணினியை மூடப் பாய்ந்தான். மால்சுக் அவன் சட்டைப் பை ஒன்றைப் பிடித்துக்கொண்டாள், குச்சிகள் கொட்டின. "இருங்க சார், அவசரம் என்ன? படி சவுண்டம்மா, இன்னும் இருக்கு."

இருந்தது. "பரிசு மேடையில நான் பேசறதுக்கு, கண்ணு கலங்கற மாதிரி ஒண்ணு எழுதிக் குடு."

"அந்த அழுகைய இப்ப ஒருதரம் அழுது காட்டுங்களேன், டைரக்டர் சார்," என்றாள் மால்சுக். ஒருத்தி மக்கல்லியைக் கிண்ணத்தோடு தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பின்னாலிருந்து இன்னொருத்தி கத்தினாள். "அந்த மெஷினயே சங்கத்துல சேத்துக்கலாம்டி. இவன விட நம்ம பக்கம் நிக்குது."

சுன்தொக் அக்கா அதுவரை ஓரத்தில் இறைச்சி நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "பனி பேஞ்ச அன்னிக்கி எடுத்தீங்களே, அது இருக்கா? நான் மேலேர்ந்து உங்களத்தான் பாத்தேன். கீழேர்ந்து எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

தெசிக்கிடம் கேட்கவில்லை, குளிர்காலப் படம் இருந்த வட்டைக் கணினியில் செருகிப் போட்டேன். சாம்பல் வானம், புகைபோக்கி, காற்று. மேடையில் ஒரு உருவம் காலால் பனியைத் தள்ளியது. பிறகு நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த அதே உடற்பயிற்சியை ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தது. கை மேலே, கை பக்கவாட்டில், குனிந்து, நிமிர்ந்து. கீழே படத்தின் ஓரத்தில் கூடாரத்திலிருந்து மால்சுக் வெளியே வந்து, அண்ணாந்து பார்த்து, கரண்டியும் கையுமாகத் தானும் செய்ய ஆரம்பித்தாள். மேலே இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். கீழே இருந்தவள் வழுக்கி விழுந்தாள். மேலே அந்த உருவம் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரிப்புச் சத்தம் அவ்வளவு தூரம் வரவில்லை. காற்று மட்டும்தான் கேட்டது.

"அய்யய்யோ, என் பின்பக்கத்தப் பாருங்கடி!" என்று மால்சுக் அலறினாள். அலறும்போதே அழுதுவிட்டாள். சுன்தொக் அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்பச் சின்னதா இருந்திருக்கேன்," என்றார்.

"இது எப்ப எடுத்தோம்?" என்று தெசிக் என்னைக் கேட்டான். உண்மையாகவே கேட்டான்.

"நீங்க கார்ல தூங்கினப்ப."

இதற்குப் பிறகு அவன் திருந்தினான் என்று யாராவது எதிர்பார்த்தால் அவனைத் தெரியாதவர்கள். அந்தக் காட்சியை எடுத்துக்கொண்டான். நடுவில் ஒட்டி, பியானோ போட்டு, தன் குரலிலேயே மௌனம் தனக்குக் கற்பித்தவை என்று நீளமாகப் பேசினான். என் காற்று பியானோவுக்கு அடியில் போய்விட்டது. சாங்கில் இறங்கியதையும் சேர்த்தான், ஆனால் ஆம்புலன்ஸ் சத்தத்தோடு. அன்று சாங்கில் உண்மையில் போனது வாடகைக் காரில். தென்கடல் ஓரத்துச் சின்னத் திரைப்பட விழா ஒன்றில் படத்துக்கு ஏதோ சிறப்புப் பரிசு கிடைத்தது. அதே பை வைத்த சட்டையோடு மேடையேறி, "இயந்திரம் பேச்சை மட்டும் கேட்டது, நான் மௌனத்தைக் கேட்டேன்," என்று சொல்லி, சரியாக அந்த இடத்தில் கண் கலங்கினான். அந்த வரியை எழுதிக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

விழாவுக்குப் பெண்கள் யாரும் போகவில்லை. அன்றைக்கு வேலை நாள். மதியச் சாப்பாட்டின்போது மால்சுக் அந்த மேடைப் பேச்சைக் கைபேசியில் போட்டுக் காட்டினாளாம். சுன்தொக் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சட்டைய மாத்தியிருக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விட்டாராம்.

போன வாரம் தெசிக் எனக்குப் போன் செய்தான். அடுத்த படம் காது கேளாதவர்கள் நடத்தும் ஒரு பேக்கரியைப் பற்றி. "அதுல சத்தமே இருக்காது, நாம். அதனால நீ பாதி நாள் வந்தாப் போதும்."

ரொட்டி பிசைகிற இடத்தில் எவ்வளவு சத்தம் இருக்கும் என்று அவனுக்குச் சொல்லிப் பயனில்லை. வரவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.