வலிப்பு இல்லை என்று கண்டுகொண்ட கஸ்தூரி சிஸ்டர்

செவ்வாய்க்கிழமை காலை நான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மருந்துக் கவுண்டர் பெண் உள்ளே வந்தாள். "டாக்டர், கஸ்தூரி சிஸ்டர் பூட்டாங்களாம். அவங்க வூட்லருந்து இப்பத்தான் போன் வந்துச்சு." மாரடைப்பு. எதிரில் இருந்தவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஒரகடத்தில் என் சிறிய கிளினிக்கில் ஒன்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தவர். வல்லம் வடகாலில் வீடு. இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருப்பீர்கள். வலிக்காது என்று எந்தக் குழந்தையிடமும் அவர் பொய் சொன்னதில்லை. "வலிக்கும்டா கண்ணு. மூணு எண்றதுக்குள்ள பூடும்" என்பார்.

எனக்கு அவரை நினைத்தால் செல்வியின் குழந்தைதான் முன்னால் வருகிறது. செல்வி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்; கணவனுக்கு இங்கே கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. நான்கு மாதப் பெண் குழந்தை திடீரென்று கழுத்தை ஒரு பக்கம் திருப்பி, முதுகை வளைத்து விறைத்துக்கொள்ளும். சிறிது நேரத்தில் சரியாகிவிடும். வலிப்பு என்று முடிவுசெய்து மருந்து கொடுத்தேன். மூளைப் பரிசோதனையில் கோளாறு எதுவும் தெரியவில்லை. அப்படியும் மருந்தின் அளவைக் கூட்டினேன். குழந்தை நாள் முழுதும் துவண்டு கிடந்தது. முறுக்கல் மட்டும் நிற்கவில்லை.

"டாக்டர், கோச்சிக்காதீங்க. பால் குட்சப்புறம்தான் இத்து வருது. தூங்கசொல்லோ வர்றதே இல்ல" என்றார் கஸ்தூரி.

"வெளியே இருபது பேர் உட்கார்ந்திருக்காங்க சிஸ்டர்" என்றேன்.

அவர் வாதாடவில்லை. செல்வியைக் காலை முதல் மதியம்வரை ஊசி போடும் அறையிலேயே உட்காரவைத்தார். மூன்று முறை பால் கொடுக்கச் சொல்லி, செல்வியின் போனிலேயே வீடியோ எடுத்தார். மூன்று முறையும் பால் குடித்த சற்று நேரத்தில் முறுக்கல் வந்தது. இடையில் ஒருமுறைகூட வரவில்லை. குழந்தை நினைவோடுதான் இருந்தது. அழுதபடி எதையோ விழுங்க முயன்றது.

வீடியோவைச் சென்னையில் ஒரு குழந்தைநல நிபுணருக்கு அனுப்பினேன். சாண்டிஃபர் நோய்க்குறியாக இருக்கலாம் என்றார். குடித்த பால் அமிலத்தோடு மேலேறி வரும்போது குழந்தை அப்படி உடம்பை முறுக்கிக்கொள்கிறது. நேரில் பார்த்து அதை உறுதிசெய்தவர், வலிப்பு மருந்தைப் படிப்படியாக நிறுத்தி, எதுக்களிப்புக்கு மருந்து கொடுத்தார். சில வாரங்களில் முறுக்கல் நின்றது.

"நீங்களே அந்தப் பொண்ணாண்ட சொல்லிடுங்க டாக்டர். நான் சொன்னா நல்லாருக்காது" என்றார் கஸ்தூரி. தவறு என்னுடையது என்று செல்வியிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அப்போ எம்புள்ளைக்கு வலிப்பே கிடையாதா டாக்டர்?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்று மாலை கஸ்தூரியைப் பாராட்ட முயன்றேன். "அத்த வுடுங்க டாக்டர். அந்தப் பொண்ணு மொத நாளே சொல்ச்சு. நாமதான் கேக்கல" என்றார். முதல் நாள் சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'பால் குடித்த பின்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

கேட்காதது நான் மட்டும்தான். அது அவருக்கும் தெரியும். அவர் அன்று சொன்ன அந்த 'நாம' என்ற சொல்லைத்தான் நான் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.