பாணி மருந்து குடிக்காத விமானி

அன்பு மகள் ஹிபா, மகன் நுஸ்ரி,

வாப்பா வெளிநாட்டு வேலைக்காக முதன்முதலாக விமானம் ஏறிய கதையை ஒழுங்காக எழுதுகிறேன். நுஸ்ரி, இடையில் சிரிக்காமல் வாசி.

காலை 6.30. கல்முனையில் பஸ் ஏறினேன். டிக்கட் 2,800 ரூபாய். மாவடிப்பள்ளி வந்ததும் ரோட்டின் இருபக்கமும் ஒரே பச்சை வயல். என் கைப்பைக்குள் ஹிபாவின் பள்ளிக்கூடப் படிவம் இருந்தது. உயர்தரத்தில் கணிதம் படித்து விமானி ஆகப் போகிறேன் என்று, ஹிபா, நீ சொன்னாய். "குடிக்கிற ஆக்களுக்குள்ள என்ட பிள்ளைக்கு என்ன வேல?" என்றேன். நீ அழுததால், யோசிப்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போடாமலே கொண்டு வந்தேன்.

மாலை 7.10. கட்டுநாயக்காவிலிருந்து தோஹாவுக்கு விமானம். எல்லோரும் அமர்ந்த பிறகு, கடைசி ஆளாக ஒருவர் வந்து என் பக்கத்தில் இருந்தார். தோளில் மூன்று தங்கக் கோடுகள். விமானியேதான்! நம் பக்கத்துப் பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளை. அண்ணன் என்று சொல்லாமல், நம் ஆட்களைப் போல 'நானா' என்றே என்னைக் கூப்பிட்டார். இன்று அவர் வெறும் பயணி. அங்கே போய் உறங்கி எழும்பி, மறுநாள் வேறொரு விமானத்தை ஓட்ட வேண்டுமாம்.

சாப்பாட்டு வண்டி வந்தது. அவர் கையில் சிவப்பாக ஒரு கோப்பை. குடிவகைதான் என்று நினைத்துக் கிட்டக் குனிந்தேன்.

"தம்பி, அது...?"

"தக்காளிச் சாறு நானா. மணந்து பாருங்க."

மணந்து பார்த்தேன். தக்காளிதான்.

"இந்த விமானி உடுப்புப் போட்டிருந்தா ஒரு சொட்டும் தொட ஏலாது. சாதாரண உடுப்பெண்டாலும், நாளைக்கு வேல இருந்தா தொட ஏலாது. மாட்டினா வேலயே போயிரும்" என்றார்.

விமானம் குலுங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓட்டுறவர் சரியாத்தான் ஓட்டுறாரா தம்பி?"

"அதப் பத்தி நான் வாய் திறக்கப்படா நானா. என்ட முகம் கொஞ்சம் மாறினாலும் சுத்தி இருக்கிற சனம் பயந்திரும். பேசாம இருக்கிறதுதான் எங்கட ஒழுங்கு."

இதைச் சொல்லும்போதே அவருக்கு இருமல் வந்துவிட்டது. நான் மூன்று நாளாகக் குடிக்கும் இருமல் பாணி மருந்தை எடுத்து நீட்டினேன். அவர் போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தார்.

"வேணாம் நானா. இதுல அல்கஹோல் இருக்கு."

"அஸ்தஃபிருல்லாஹ்! வேளைக்கு ரெண்டு கரண்டி குடிச்சிட்டு வாறனே!"

"அப்ப இண்டைக்கு உங்களால பிளேன் ஓட்ட ஏலாது" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வெட்கமும் வந்தது. கேட்டும் பாராமல் விமானிகளைக் குடிகாரர் என்ற வாப்பாவின் பைக்குள்தானே அந்தப் போத்தல் இருந்தது!

பின்பு, ஹிபா, உன்னைப் பற்றிச் சொன்னேன். "படிக்க விடுங்க நானா. எங்களோட பொம்புளப் புள்ளைகளும் ஓட்டுறாங்க" என்றார். இறங்கும்போது எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியாகத்தான் எழும்பினார்.

இங்கே அறை வசதிதான். ஆனால் நம் ஊர்க் கடல் இரைச்சல் இல்லை.

சுபஹு தொழுதுவிட்டு, அறையில் உள்ள மற்றவர்கள் எழும்ப முன்னர் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். மருந்து குடிக்காததால் நடுவில் இருமல் வந்து, கடைசி எழுத்து ஓரம் வரை இழுபட்டுப் போய்விட்டது.